லயத்துப் பிள்ளை பெரிய அதிகாரியானா மலைக்கு என்ன கிடைக்குது?

பொகவந்தலாவைப் பொடியன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் பேராதனையில கடைசி வருசம், கலைப்பீடம். நிர்வாக சேவைப் பரீட்சை எழுதுற யோசனை இருக்கு. வீட்டுல இதுக்கு ரெண்டு கட்சி. அப்பா "எழுதுடா, கவர்மென்ட் வேல, படிப்படியா மேல போகலாம்"ங்கிறாரு. மாமா தொழிற்சங்கத்துல ஊறின ஆளு. "நம்ம பிள்ளைங்க அங்கொண்ணும் இங்கொண்ணுமா உள்ள போகத்தான் செஞ்சாங்க. அதுல யாராலயாவது ஒரு லயம் (தோட்டத்து வரிசை வீடு) மாறிச்சா? நீ போயி அங்க சிங்களத்துல கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருப்ப, அவ்வளவுதான்"னு சொல்றாரு.

மாமா சொல்றதுக்கு என்கிட்ட பதில் இல்ல. டாக்டர், எஞ்சினியர், மாஸ்டர் எல்லாம் என்ன வேலை பார்க்கிறாங்கன்னு தோட்டத்துல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டி.எஸ். (பிரதேச செயலாளர்), மேலதிக அரசாங்க அதிபர், அமைச்சுச் செயலாளர் இவங்கல்லாம் ஒரு நாள் முழுக்க என்னதான் செய்றாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க. அட்வைஸ் வேணாம், விசயம் வேணும்.

---

தலவாக்கலை டவுன் எழுதியது:

நான் சொல்றேன் என்ன கிடைக்குதுன்னு. கொழும்புல வீடு, கவர்மென்ட் ஜீப், பிள்ளைங்களுக்கு இன்டர்நெஷனல் ஸ்கூல். தீபாவளிக்கு ஒரு தடவ தோட்டத்துக்கு வந்து கோயில் கமிட்டிக்கு ஐயாயிரம். மலைக்கு அந்த ஐயாயிரம்தான்.

---

மஸ்கெலியா மாஸ்டர் எழுதியது:

டவுன், உங்க வாய் மாறவே மாறாது. தம்பி கேட்டதுக்கு முதல்ல சரித்திரத்த கொஞ்சம் சொல்றேன், அதில்லாம மாமாவுக்குப் பதில் சொல்ல ஏலாது.

இந்த நாட்டுல சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சை எழுதி உள்ள போன முதல் இலங்கையர் பொன்னம்பலம் அருணாசலம், 1875ல. அதுக்கு முன்னாடி பெரும்பாலும் வெள்ளைக்காரன்தான். அருணாசலம் பதிவாளர் நாயகமா இருந்து 1901 சனத்தொகைக் கணக்கெடுப்பையே நடத்தினவரு. ஆக, தமிழருக்கும் அந்தச் சேவைக்கும் நூறு வருசத்துக்கு மேல உறவு. ஆனா அது யாழ்ப்பாணத்துத் தமிழருக்கும் கொழும்புத் தமிழருக்கும். அதே காலத்துல நம்ம ஆளுங்க கங்காணி தலைமையில மலை ஏறிக்கிட்டு இருந்தாங்க.

சுதந்திரம் வந்தா எல்லாருக்கும் கதவு தொறக்கும்னுதான் எவனும் நினைப்பான். நமக்கு 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்துச்சு. பிரஜை இல்லாதவன் அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பமே போட ஏலாது. 1963 மே மாசம் பழைய சிவில் சேவையக் கலைச்சு நிர்வாக சேவைய உண்டாக்கின நேரத்துல, நம்ம சனத்துல பெரும்பாலானவங்க நாடற்றவங்க. அடுத்த வருசம் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரு இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேரு இங்க, மிச்சம் ஒண்ணரை இலட்சம் பேர அப்புறம் பேசிக்கலாம்னு முடிவு. நாடே நிச்சயமில்லாத குடும்பத்துல எவன் பிள்ளைய அரசாங்க அதிபராக்கணும்னு கனவு காணுவான்? 1974ல இன்னொரு ஒப்பந்தம், 1986, 1988, 2003ன்னு வரிசையா சட்டங்கள். கடைசி ஆளு பிரஜையாக 2003 வரைக்கும் போச்சு.

"யாராலயாவது ஒரு லயம் மாறிச்சா"ன்னு கேக்குற மாமாகிட்ட, கதவு எப்ப தொறந்துச்சுன்னு முதல்ல கேளு தம்பி.

---

லிந்துலைத் தொழிலாளி எழுதியது:

மாஸ்டர் சொன்ன சரித்திரம் சரி. ஆனா அந்தக் கதவத் தொறந்தது யாரு? எந்த அதிகாரியும் இல்ல. சத்தியாக்கிரகம் இருந்து, ஸ்ட்ரைக் பண்ணி, ஓட்டப் பேரம் பேசி வாங்கினது. பிரதேச சபை காசு தோட்டத்துக்குள்ள வரக்கூடாதுன்னு 1987 சட்டத்துல 33ஆம் பிரிவு இருந்துச்சே, அது 2018ல மாறினதும் அரசியலாலதான். அதிகாரிமாரு அத்தன வருசமா அந்தப் பிரிவக் காட்டி "ஏலாது" சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாங்க.

---

பழைய பைல் எழுதியது:

வழக்கமா இந்த இடத்தில் வாசித்துவிட்டுப் போய்விடுவேன். இன்றைக்கு எழுதலாம் என்று தோன்றியது. நான் 2022 டிசெம்பர் 31 அன்று ஓய்வுபெற்றவர்களில் ஒருவன். 60 வயதைத் தாண்டியிருந்த எல்லாரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்களே, அந்தக் கூட்டத்தில் நானும். பேர், ஊர் வேண்டாம். தோட்ட லயத்தில் பிறந்தவன், உதவிச் செயலாளராகத் தொடங்கி பிரதேச செயலாளர், மேலதிக அரசாங்க அதிபர், கடைசியில் பத்தரமுல்லையில் ஓர் அமைச்சின் மேலதிகச் செயலாளர். இவ்வளவு போதும்.

தம்பி விசயம் கேட்டார். விசயத்தைச் சொல்கிறேன்.

நான் முதலில் ஆசிரியர். பரீட்சைக்கு விண்ணப்பித்தபோது எங்களுக்கு வீட்டு விலாசம் கிடையாது. தோட்டத்தின் பேர், டிவிசன், தபால் கந்தோர், அவ்வளவுதான். கடிதம் எல்லாம் தோட்டத்து ஒபிசுக்கு வரும். பெரிய கிளாக்கர் பிரித்து வைப்பார், பிரட்டுக்களத்தில் (காலையில் வேலைக்குப் பேர் பதிகிற இடம்) யாரிடமாவது கொடுத்துவிடுவார், கொடுக்காமலும் விடுவார். என் பரீட்சை அனுமதி அட்டை அந்த ஒபிசின் மேசையில் சம்பளப் பட்டியலுக்கு அடியில் கிடந்தது. அப்பா வேறு அலுவலாகப் போன இடத்தில் தற்செயலாகக் கண்டதால் எனக்குக் கிடைத்தது. அதே பரீட்சைக்கு எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவனும் போட்டிருந்தான். அவனுக்கு அட்டை வந்ததே பரீட்சை முடிந்த பிறகு. அவன் என்னைவிடக் கெட்டிக்காரன்.

நேர்முகத்துக்குப் போனால் பிரஜாவுரிமை. பரம்பரையாலா, பதிவாலா என்று கேட்பார்கள். 1978 அரசியலமைப்பின் 26ஆவது உறுப்புரை பிரஜைகளுக்கு இடையில் எந்த வேறுபாடும் காட்டக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு உறுப்புரை தெரியாது, சான்றிதழ்தான் தெரியும். அப்பாவின் பதிவுச் சான்றிதழ் வீட்டில் தகரப் பெட்டிக்குள், பிளாஸ்டிக் பையில், அதற்கு மேல் ஒரு சேலைத் துணி சுற்றி இருக்கும். மழைக் காலத்தில் கூரை ஒழுகினால் அம்மா முதலில் தூக்குவது அந்தப் பெட்டியைத்தான்.

உள்ளே போனதும் இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவனத்தில் பயிற்சி. தாபன விதிக்கோவை (அரச ஊழியர் விதிகள்), நிதிப் பிரமாணங்கள் (அரச பணத்துக்கான விதிகள்) இரண்டையும் கரைத்துக் குடிக்க வேண்டும். இதைப் பலர் சலிப்போடு படிப்பார்கள். தம்பி, சலிக்காதே. நிதிப் பிரமாணம் தெரியாத அதிகாரி கவ்வாத்துக் கத்தி இல்லாமல் மலைக்குப் போன ஆள் மாதிரி. பக்கத்தில் இருக்கிற கிளாக்கர் சொல்வதையே வேதம் என்று நம்பிக் கையெழுத்துப் போடுவான், நாலு வருசம் கழித்துக் கணக்காய்வு வினா வரும், பிறகு வாழ்நாள் முழுக்க எதற்கும் "ஏலாது" என்று எழுதிப் பழகிவிடுவான். லிந்துலைக்காரர் சொன்ன "ஏலாது" அதிகாரிகளில் பாதிப் பேர் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள்.

முதல் நியமனம் மலைக்கு வெளியே. முழுக்கச் சிங்களக் கிராமங்கள், குளமும் வயலும். பெரும்போகத்துக்கு எந்தத் தேதியில் மதகு திறப்பது, எந்தத் தேதிக்குள் விதைப்பது என்று முடிவெடுக்கிற விவசாயிகள் கூட்டத்தை நான் நடத்த வேண்டும். எதிரில் என் தாத்தா வயதுக்காரர்கள். என் சிங்களம் அப்போது ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் சிங்களம். ஒரு பெரியவர் எழும்பி, "மாத்தயா, நீங்கள் சொன்னது விளங்கவில்லை, ஆனால் நீங்கள் சத்தம் போடவில்லை, அதனால் இருக்கிறோம்" என்றார். நான் சிங்களத்தை அங்கேதான் படித்தேன். வகுப்பில் இல்லை.

மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன், கண் வலிக்கிறது.

---

தலவாக்கலை டவுன் எழுதியது:

சேர், உங்கள நினைச்சு எழுதல. மிச்சத்தையும் எழுதுங்க.

---

ஊவாக்காரி எழுதியது:

நான் பதுளை மாவட்டத்துல ஒரு பிரதேச செயலகத்துல அபிவிருத்தி உத்தியோகத்தர். எந்த ஒபிஸ்னு சொல்லமாட்டேன், நாளைக்கும் வேலைக்குப் போகணும்.

நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகங்களையும் பதுளை மாவட்டத்துல பலதையும் இருமொழி நிர்வாகப் பிரிவுன்னு 1999லயே ஜனாதிபதி பிரகடனம் பண்ணியாச்சு. அதாவது பதிவேடு, கடிதம் எல்லாம் ரெண்டு மொழியிலயும் நடக்கணும். எங்க ஒபிஸ் வாசல்ல பெயர்ப்பலகை மூணு மொழியில அழகா இருக்கு. உள்ள வாங்க. தமிழ்ல எழுதி வந்த விண்ணப்பத்துக்குச் சிங்களத்துல பதில் போகும். அத வாங்கின ஆத்தா மறுபடி பஸ் ஏறி எங்கிட்ட வந்து "என்னம்மா எழுதியிருக்கு"ன்னு கேக்கும். பதில்ல இருக்கிறது ஒரே வரி: "உங்கள் கடிதம் கிடைத்தது." அந்த ஒரு வரிக்கு ஆத்தாவுக்கு ஒரு நாள் பேரு (கூலி) போச்சு.

நான் அந்த ஒபிசுல இருக்கிறதால சனம் என் மேசையத் தேடி வருது. என் வேலை வேற, ஆனா பாதி நாள் வாசிச்சுக் காட்டுறதுல போகுது. தமிழ் தெரிஞ்ச ஒரு டி.எஸ். வந்த காலத்துல மட்டும் ஒரு மாற்றம் இருந்துச்சு. அவரு ஒண்ணும் பெருசா செய்யல. தமிழ்க் கடிதத்துக்குச் சிங்களத்துல டைப் பண்ணிக் கொண்டுவந்தா கையெழுத்துப் போடாம திருப்பி அனுப்புவாரு. ஒரு மாசத்துல எல்லாரும் கூகிள்லயாவது போட்டுத் தமிழ்ல அடிக்கப் பழகிட்டாங்க. அவரு மாறிப் போனாரு, பழைய குருடி கதவத் திறடி.

டவுன் அண்ணே கேட்ட கணக்குல இது எங்க சேரும்னு தெரியல. ஐயாயிரம் ரூவாவ விட ஜாஸ்தின்னு நினைக்கிறேன்.

---

எட்டாம் நம்பர் மலை எழுதியது:

கொஞ்சம் விலகிப் போறேன், நெறியாளர் மன்னிக்கணும். அதிகாரி நினைச்சா என்ன நடக்கும்ங்கிறதுக்கு நுவரெலியாவுலயே ஒரு பழைய உதாரணம் இருக்கு. 1880கள்ல அங்க உதவி அரசாங்க அதிபரா இருந்தவரு லெ மெசூரியர்ங்கிற வெள்ளைக்காரன். நெல் வரி கட்ட ஏலாத சிங்கள விவசாயிகளோட வயல ஏலத்துல வித்துட்டாங்க. வலப்பனைப் பக்கம் குடும்பம் குடும்பமா பட்டினியில செத்தாங்க. வரி வசூலிக்கிற அரசாங்கத்தோட ஆளா இருந்துக்கிட்டே அந்தச் சாவ எல்லாம் எழுதி மேல அனுப்பினாரு. பெரிய சர்ச்சையாகி, 1892ல ஆளுநர் ஹெவ்லொக் காலத்துல நெல் வரியே எடுபட்டுப் போச்சு.

அதே ஆள் பிற்காலத்துல தானே காணி வாங்கிப் போட்டதும், அரசாங்கத்தோட வழக்குல நின்னதும், உத்தியோகத்த விட்டு வெளியேறினதும் வேற கதை. மனுசன்னா அப்படித்தான்.

எனக்கு உறுத்துறது என்னன்னா, அந்த அறிக்கை எழுதப்பட்ட அதே மாவட்டத்துல, கூப்பிடு தூரத்துல, கோப்பி செத்துப் போயி தேயிலை நட்டுக்கிட்டு இருந்த நம்ம ஆளுங்க இருந்தாங்க. அவங்களுக்கு அதிகாரி துரைதான், அதாவது தோட்ட மேனேஜர். கச்சேரி (அரசாங்க அதிபரோட ஒபிஸ்) பைல்ல அவங்க மனுசனா வந்தது ரொம்பப் பிந்தித்தான்.

---

பழைய பைல் எழுதியது:

எட்டாம் நம்பர் மலை கடைசியாகச் சொன்னதுதான் இன்றைக்கும் பிரச்சினையின் மையம். விட்ட இடத்தில் இருந்து தொடர்கிறேன்.

மலைக்கு மாற்றல் வாங்கிப் பிரதேச செயலாளராக வந்தேன். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தோடு கச்சேரியின் பல அதிகாரங்கள் பிரதேச செயலகத்துக்கு இறங்கிய காலத்துக்குப் பிறகு. பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவு, ஓய்வூதியம், வியாபாரப் பதிவு, அனர்த்த நிவாரணம், அரச காணி எல்லாம் இங்கே. கையில் பெரிய அதிகாரம் என்று நினைத்தேன். காணியில்தான் முதல் அடி விழுந்தது.

என் பிரிவின் வரைபடத்தை விரித்தால் முக்கால்வாசி பச்சை. பச்சை என்றால் தேயிலை. 1972லும் 1975லும் அரசு எடுத்த தோட்டங்கள். 1992ல் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு நீண்டகாலக் குத்தகை, அது 2045 வரைக்கும். காணி பேருக்கு அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தினுடையது அல்லது மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையினுடையது. பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் காணி இல்லாத குடும்பத்துக்கு நான் அனுமதிப்பத்திரம் கொடுக்கலாம். ஐம்பது யார் தள்ளி லயத்தில் இருக்கிற, அதைவிட நெருக்கமாக வாழ்கிற குடும்பத்துக்கு ஒரு பேர்ச்சஸ் (சிறிய நில அளவு) கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. கழிப்பறைத் திட்டத்துக்குப் பணம் வந்தால் துரையின் சம்மதக் கடிதம் வேண்டும். மின் இணைப்புக்கும் கடிதம். நல்ல துரை இருந்தால் ஒரு வாரம், இல்லாவிட்டால் நிதியாண்டு முடிந்து பணம் திறைசேரிக்குத் திரும்பிவிடும்.

ஆகவே அதிகாரம் எட்டுகிற இடத்தில் வேலை செய்தேன். அது ஆவணங்கள்.

ஓர் அம்மாவைச் சொல்கிறேன். கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். சேமலாப நிதி எடுக்க வேண்டும். தோட்டத்துச் செக்ரோலில் (சம்பளப் பதிவேடு) லெட்சுமி. அடையாள அட்டையில் லெச்சிமி. பிறப்புச் சான்றிதழில், சிங்களத்தில் எழுதியதைத் தமிழில் வாசித்தால் லட்சமி, அப்பா பேரில் ஓர் எழுத்து விழுந்திருக்கும். அப்பாவின் பேர் மரணச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. மூன்று தாளையும் மேசையில் பரப்பினால் மூன்று பெண்கள். அவர் என்னைப் பார்த்து, "நான்தாங்க தொர இது எல்லாமே" என்றார். திருத்தம் செய்ய சட்டத்தில் வழி இருக்கிறது. சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், பாடசாலை வரவுப் பதிவேட்டின் பிரதி. பதிவே இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ். வழி இருக்கிறது, ஆனால் அந்த வழியில் நடக்க அவருக்கு நாலைந்து நாள் பேர் போகும், பஸ் காசு போகும், புரோக்கருக்கும் கொடுப்பார்.

அதனால் நடமாடும் சேவையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினேன். கேட்கச் சின்ன விசயம். உத்தியோகத்தர்களுக்கு விடுமுறை நாள் கொடுப்பனவு எந்தச் செலவுத் தலைப்பில் என்று கணக்காளர் கேட்டார். பதிவாளர் தலைமையகத்துப் பதிவேட்டை அலுவலகத்துக்கு வெளியே கொண்டு போகலாமா என்று இன்னொரு கேள்வி. சுற்றறிக்கைகளைத் தேடி ஒவ்வொரு கேள்விக்கும் எழுத்தில் பதில் வைத்த பிறகுதான் ஜீப் புறப்பட்டது. பிள்ளைமடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) மேசை போட்டோம். அங்கே வந்த சிங்கள உத்தியோகத்தர்களில் சிலர் ஒரு லயக் காம்பராவுக்குள் அன்றைக்குத்தான் முதல்தடவை கால் வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கவுண்டரில் பேசிய தொனி மாறியது. இதை எந்த அறிக்கையிலும் எழுத முடியாது, ஆனால் நடந்தது.

மாமாவிடம் சொல்லுங்கள் தம்பி: லயம் மாறவில்லை. லயத்தில் இருந்தவர்களின் பேர் மாறியது, அதாவது சரியானது.

---

லிந்துலைத் தொழிலாளி எழுதியது:

சேர், மரியாதையோட ஒரு கேள்வி. பேரத் திருத்தினது புண்ணியம், மறுக்கல. ஆனா கடைசியில நீங்க அமைச்சுல மேலதிகச் செயலாளர் வரைக்கும் போனீங்க. அங்க உக்காந்து காணிப் பிரச்சினைய ஏன் தீர்க்கல? தோட்டக் குடும்பத்துக்கு வீடு கட்ட 7 பேர்ச்சஸ் காணிய அரசியல்வாதி மேடையில நின்னுதான் வாங்கினான்.

---

பழைய பைல் எழுதியது:

நல்ல கேள்வி. 7 பேர்ச்சஸ் முடிவை அரசியல்தான் எடுத்தது. அதில் எனக்குப் பங்கு கேட்க மாட்டேன். அதிகாரி கொள்கையை உண்டாக்குகிறவன் இல்லை, அவனை யாரும் தெரிவு செய்யவும் இல்லை.

ஆனால் மேடையில் சொன்னது எப்படிக் கைக்கு வருகிறது என்று பாருங்கள். அமைச்சரவைப் பத்திரம் தயாராகும். மற்ற அமைச்சுகள் அவதானிப்பு எழுதும். திறைசேரி எழுதும். அங்கீகாரம் வந்ததும் சுற்றறிக்கை. சுற்றறிக்கையில் "தகைமைகள்" என்று ஒரு பந்தி. எந்தத் திட்டமும் சாகிற இடமும் பிழைக்கிற இடமும் அந்தப் பந்திதான்.

வீட்டு உதவி ஒன்று என்று வையுங்கள். வரைவில் "விண்ணப்பதாரர் பேரில் காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம் இருத்தல் வேண்டும்" என்று வந்திருக்கும். எழுதியவருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அவர் ஊரில் எல்லாருக்கும் அது இருக்கிறது. கூட்டத்தில் இருபது பேர் இருப்பார்கள், யாருக்கும் அது உறைக்காது. லயத்தில் பிறந்த ஒருவன் அந்த மேசையில் இருந்தால், அந்த ஒரு நிபந்தனையால் மலையகம் முழுக்க வெளியே நிற்கும் என்று கையை உயர்த்துவான். "அல்லது தோட்ட முகாமைத்துவத்தின் வதிவிட உறுதிப்படுத்தல்" என்று ஒரு வரி சேரும். சில தடவை சேரும். சில தடவை "இது கொள்கை விசயம், பிறகு பார்ப்போம்" என்று போய்விடும். சேர்ந்த வரிகளுக்கு அடியில் யார் பேரும் இருக்காது.

எங்கள் ஆட்கள் அந்த மேசைகளில் எத்தனை பேர்? கை விரலுக்குள் அடங்கும். டவுன் தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். போன ஆட்கள் போதாது. போனவர்களில் சிலர் தங்கள் பிறந்த இடத்தை மறைத்தார்கள் என்பதும் உண்மை, அதை நான் பார்த்திருக்கிறேன், பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஆனால் மறைக்காதவர்களும் இருந்தார்கள், அவர்கள் பேர் வெளியே தெரியாது. அந்த வேலையின் இயல்பே அது.

---

ஊவாக்காரி எழுதியது:

காணி சம்பந்தமா இன்னொண்ணு. 2014 ஒக்டோபர் 29, மீரியபெத்த தோட்டத்து மண்சரிவு. நான் அப்ப ஸ்கூல். மண் சரிஞ்ச அந்த இடம் ஆபத்துன்னு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லயும் 2011லயும் எச்சரிச்சிருந்துச்சு. எச்சரிக்கை பைல்ல இருந்துச்சு, சனம் லயத்துல இருந்துச்சு. எழும்பிப் போங்கன்னா எங்க போறது? சேர் சொன்ன அதே பச்சை வரைபடம். இது ஒரு அதிகாரியோட பிழை, ஒரு துரையோட பிழைன்னு சுருக்க ஏலாது. ஆனா எச்சரிக்கை வந்த அன்னைக்கே "மாற்றுக் காணிக்கு யார் யார் கையெழுத்து வேணும்"னு ஒருத்தர் துரத்திக்கிட்டே இருந்திருந்தா? எங்க பக்கம் மழை பெய்ற ஒவ்வொரு ஐப்பசிக்கும் இத நினைப்பேன்.

---

மஸ்கெலியா மாஸ்டர் எழுதியது:

ஊவாக்காரி சொன்னதுக்கு மேல நான் ஒண்ணும் சேர்க்க விரும்பல.

தூரத்தப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை. 2012 கணக்கெடுப்புல அம்பகமுவப் பிரிவுல மட்டும் 2 இலட்சத்துக்கு மேல சனம், நுவரெலியாப் பிரிவும் அப்படியே. நாட்டுல சில டி.எஸ். பிரிவுல பத்தாயிரம் பேரு கூட இல்ல. அம்பகமுவச் செயலகம் இருந்தது கினிகத்தேனையில. பொகவந்தலாவை மேல் டிவிசன்ல இருக்கிறவரு நடந்து டவுனுக்கு வந்து, நோர்வூட் வழியா ஹட்டனுக்கு பஸ், அங்கயிருந்து இன்னொரு பஸ். போய்ச் சேர்ந்தா "இன்னைக்கு சேர் கூட்டத்துல." 2019ல நோர்வூட், தலவாக்கலைன்னு புதுசா வர்த்தமானி வந்துச்சு. அதுக்கு அப்புறமும் உப செயலகமா முழுச் செயலகமான்னு இழுபறி. பக்கத்துல ஒபிஸ் வந்தா மட்டும் போதாது, உள்ள தமிழ் தெரிஞ்ச ஆள் இருக்கணும். தம்பி பரீட்சை எழுதணும்னு நான் சொல்றது இதுக்காகத்தான்.

---

தலவாக்கலை டவுன் எழுதியது:

சரி சரி, ஐயாயிரம் கதைய வாபஸ் வாங்கமாட்டேன், ஏன்னா அந்த மாதிரி ஆளும் இருக்கான், எங்க தோட்டத்துலயே இருக்கான். ஆனா பழைய பைல் சேர் மாதிரி ஆளுங்க முன்னாடியே ஸ்கூலுக்கு வந்து பேசியிருந்தா நான் ஏ.எல்.லோட (உயர்தரம்) நின்னிருக்கமாட்டேன். எங்க ஸ்கூல்ல கெரியர் கைடன்ஸ்னா வங்கிக்காரரு வந்து சேமிப்புக் கணக்குத் தொறக்கச் சொல்லிட்டுப் போவாரு.

---

பொகவந்தலாவைப் பொடியன் எழுதியது:

இந்த இழைய அப்படியே மாமாவுக்கு வாட்சப்புல அனுப்பினேன். ராத்திரி முழுக்க நீல டிக் மட்டும். காலையில ஒரு வொய்ஸ் மெசேஜ்: "பைல் காரரு நல்லாத்தான் எழுதுறாரு. ஆனா சங்கம் இல்லாட்டி அவரு பைலத் தொறக்கவே மாட்டாரு, அதையும் கேளு." கேட்டாச்சு சேர்.

என் கேள்வி வேற. சிங்களம் எனக்கு டவுன் சிங்களம்தான். பரீட்சை தமிழ்ல எழுதலாமா? எதுல தொடங்கணும்?

---

பழைய பைல் எழுதியது:

மாமா சொல்வது முழுக்கச் சரி. வெளியே சத்தம் கேட்டால்தான் உள்ளே பைல் அசையும். உள்ளே அசைக்க ஆள் இல்லாவிட்டால் சத்தம் போட்ட தொண்டைதான் மிச்சம். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருப்பது நல்லதுதான்.

பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். நியமனம் கிடைத்த பிறகு குறித்த காலத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும். 2007 ஜூலைச் சுற்றறிக்கையில் அது ஐந்து வருசம் என்று இருந்தது; இப்போது எவ்வளவு என்று அறிவித்தலில் பார். தேர்ச்சி இல்லாவிட்டால் சம்பள ஏற்றம் நிற்கும். இப்போதே தொடங்கு. சிங்களப் பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கத்தைத் தினம் ஒன்று சத்தமாக வாசி. டவுன் சிங்களம் கேலிக்குரியது இல்லை, கூட்டத்தில் அதுதான் கைகொடுக்கும். கடிதச் சிங்களம் வேறு, அதைப் படிக்கத்தான் வேண்டும்.

அறிவித்தல் வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும். வயது எல்லையை அந்தந்த வருசத்து அறிவித்தலில் பார், வாய்ப்பேச்சை நம்பாதே. ஏனென்றால் பரீட்சை ஒழுங்காக வருசா வருசம் வருவதில்லை. காத்திருந்து வயது தாண்டிப் போனவர்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் விழுவது பொது விவேக வினாத்தாளில். அறிவுக் குறைவு இல்லை, நேரம் வைத்துச் செய்து பழக்கம் இல்லை. பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்துச் செய்.

ஊவாக்காரித் தங்கச்சிக்கும் ஒன்று. நீங்கள் அரச சேவையில் இருப்பதால் மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை எழுதும் வழி உங்களுக்கு உண்டு. எத்தனை வருசச் சேவை வேண்டும் என்று அறிவித்தலில் பாருங்கள். அந்த ஆத்தாவுக்குக் கடிதம் வாசித்துக் காட்டுகிறவர் கையெழுத்துப் போடுகிற கதிரையில் இருக்க வேண்டும்.

---

ஊவாக்காரி எழுதியது:

சேர், போன தடவ விண்ணப்பத்தை நிரப்பி வச்சிட்டு அனுப்பாம விட்டேன். இந்தத் தடவ நிதிப் பிரமாணத்துக்குத் தமிழ்ல நல்ல குறிப்பு எங்க கிடைக்கும்? எங்க ஒபிசுல இருக்கிறது சிங்களப் பிரதி, அதுவும் பாதிப் பக்கம் இல்ல.

---

பழைய பைல் எழுதியது:

என்னிடம் தமிழ்ப் பிரதி இருக்கிறது, திருத்தங்களைக் கையால் குறித்து வைத்திருக்கிறேன். ஹட்டனில் சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு ஒரு மண்டபம் கிடைக்குமா என்று மாஸ்டர் விசாரிக்கட்டும். கிடைத்தால் வருகிறேன். டவுனும் வரட்டும், ஏ.எல். திரும்ப எழுத வயது ஒரு தடை இல்லை.

---

மஸ்கெலியா மாஸ்டர் எழுதியது:

ரெண்டு இடம் கேட்டிருக்கேன். ஒண்ணு இலவசம், ஆனா கரண்டு போனா போனதுதான். இன்னொண்ணுக்கு மணித்தியாலக் கணக்குல காசு. இலவசத்தையே எடுப்போம், மூணு மணிக்குத் தொடங்கினா வெளிச்சம் இருக்கும். பொது விவேகம் பழைய வினாத்தாள் தமிழ் மூலம் யார்கிட்டயாவது இருந்தா இங்க சொல்லுங்க, போட்டோப் பிரதி செலவு என்னுது.